உருண்டையின் நெற்றிப் பொட்டு

மூன்று மணிக்கு ஜொகூர் பாருவிலிருந்து நிர்மலாதேவி வருகிறார். அதற்குள் கஸ்தூரி ஒரு பெயரைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அவள் மாமனார் நில அளவை இலாகாவில் அளவுச் சங்கிலி பிடித்தவர். பழைய சாமான்களைக் கழித்தபோது அவருக்குக் கிடைத்தது, எலுமிச்சம்பழம் அளவில் ஒரு பூகோள உருண்டை. அதற்கு ஒரு கறுப்புக் கூடு. கூட்டின் உட்புறமெல்லாம் நட்சத்திரப் படம். மூடினால் பூமி வானத்துக்குள் போய்விடும். அப்பாவின் உருண்டையைப் பழம்பொருள் கண்காட்சியில் பார்த்துவிட வேண்டும் என்று கஸ்தூரியின் கணவர் வீரமுத்துவுக்கு ஆசை. செய்தவர் பெயர் தெரியாமல் எடுக்க முடியாது, உருண்டைமேல் அச்சடித்திருக்கும் பூவேலைச் சட்டத்துக்குள் தேடுங்கள் என்று கண்காட்சியை நடத்தும் நிர்மலாதேவி போனில் சொல்லிவிட்டார்.

கஸ்தூரிக்குத் திக்கென்றது. ஆயுத பூசை தவறாமல் அளவுச் சங்கிலிக்கும் உருண்டைக்கும் பொட்டு வைப்பவள் அவள்தான். சாமி படச் சட்டம் போலிருந்த அந்த இடம்தான் வாகாக இருந்தது. ஈரத்துணி படக்கூடாது என்று மாமனார் சொல்லியிருந்ததால் பழையதைத் துடைக்கவும் இல்லை. முப்பது வருடச் சந்தனமும் குங்குமமும் பாறையாகி இருந்தன.

வீரமுத்து பிளேடைத் தேடினார்.

"பிளேட வச்சிட்டுப் போய்ச் சட்டைய மாத்துங்க லா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் புண்ணுக்குக் கட்டுப் போட்ட கை அது. காய்ந்து ஒட்டியதை இழுத்தால் தோலும் கூடவே வரும். ஈரம் காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பஞ்சுக்குச்சியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, தேய்க்காமல் உருட்டினாள். சந்தனம் பொருக்குப் பொருக்காகக் கழன்றது. அடியில் ஓர் எழுத்து. இரண்டே முக்காலுக்கு முழுப் பெயரும் வந்துவிட்டது: மார்த்தா வெல்பி, லண்டன்.

கஸ்தூரி போட்ட சத்தத்தில் வீரமுத்து பாதிப் பொத்தானோடு ஓடிவந்தார்.

"அலமாக், இத்தன வருசமா அந்தம்மா பேரு மேலயா பொட்டு வச்ச?"

"பொம்பளைக்குத்தான வச்சேன். தப்பில்ல."

நிர்மலாதேவி பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார். உருண்டை செய்த பெண்கள் அபூர்வம், கட்டாயம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பெயரைச் சுற்றி ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டார். கஸ்தூரி ஒளிக்காமல் சொன்னாள். அந்தக் குங்குமக் கறை அப்படியே இருக்கட்டும், விளக்க அட்டையில் அதையும் எழுதுகிறேன் என்றார் அவர்.

"ஆயுத பூசைக்குள்ள திருப்பிக் கொடுத்துடுங்க" என்றாள் கஸ்தூரி. "இனிமே கூட்டுக்கு மட்டும்தான் பொட்டு."

நிர்மலாதேவி கூட்டைச் சட்டென்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.