சம்பளத்துக்குப் பந்து மறித்தவர்

வீரய்யா வேலை பார்த்தது இலங்கை மலைநாட்டில் டயகமவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில். முதலில் கொழுந்து மூட்டை சுமந்துகொண்டுதான் உள்ளே வந்தான். வந்தவன் மூட்டையை இறக்கிவிட்டுப் போகாமல், இந்தச் சக்கரம் ஏன் இந்தப் பக்கமாகச் சுற்றுகிறது, இந்தப் பட்டை ஏன் கழன்று விழவில்லை என்று கேட்டுக்கொண்டே நிற்பான். தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் முத்துலிங்கம் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலையை அவனுக்கே கொடுத்துவிட்டார். நீயே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

அப்போது அவனுக்கு முப்பது வயது. மனைவி நாகலெட்சுமி மலையில் கொழுந்தெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீரய்யா தோட்டத்துப் பந்தாட்டக் குழுவில் பேக்காக நிற்பான். கோலுக்கு முன்னால் நின்று எதிராளியை மறிக்கிற வேலை அது. எல்லாரும் கோல் போட ஆசைப்பட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது, அவனுக்குக் கிடைத்தது.

1934-ம் வருடம் மாசி மாதத்தில் தொழிற்சாலைக்குப் புதிய எண்ணெய் இஞ்சின் ஒன்று தலவாக்கலை ஸ்டேஷனில் வந்து இறங்கியது. அதைப் பொருத்திக் கொடுக்க அதனுடன் ஒரு வெள்ளைக்காரரும் வந்தார். பெயர் ஹோராக். தோட்டத்தார் வாயில் அது ஓராக் துரை ஆனது. இங்கிலீஷ் சரியாகப் பேச வராத வெள்ளைக்காரரை யாரும் அதுவரை கண்டதில்லை. துரைமார்கள் அவரை ஒருமுறை கிளப்புக்கு அழைத்தார்கள், மறுமுறை அழைக்கவில்லை. படி ஏறும்போது இடது காலை இழுத்து வைப்பார். குதிரையிலிருந்து விழுந்தவர் என்று தொழிலாளர் குடியிருந்த ஒரு லயத்து வீடுகளில் பேச்சு, சண்டையில் குண்டு பட்டது என்று அடுத்த லயத்தில் பேச்சு. வீரய்யா இரண்டையும் கேட்டுக்கொண்டான், நம்பவில்லை. அவரிடமே கேட்கிற அளவுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனி மாதத்தில் ஒருநாள் டீமேக்கரின் பத்திரிகை இஞ்சின் அறையில் கிடந்தது. ஹோராக் கையைத் துடைத்துவிட்டு அதைப் புரட்டினார். ஒரு மூலையில் இருந்த நாலு வரிச் செய்தியைப் படித்தவர், எண்ணெய்ப் பீப்பாய்மேல் உட்கார்ந்துவிட்டார். அன்று பின்னேரம் வரைக்கும் ஸ்பேனரைத் தொடவில்லை. அவர் பங்களாவுக்குப் போன பிறகு வீரய்யா அந்தத் தாளை டீமேக்கரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னான். ரோமாபுரியில் உலகப் பந்தாட்டப் போட்டி நடந்ததாம். கடைசி ஆட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு இத்தாலியிடம் தோற்றுவிட்டதாம். இதற்கு எதற்கு ஒரு மனுஷர் அரை நாள் வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டும்?

மறுநாள் காலையில் வீரய்யா கேட்டே விட்டான். தொழிற்சாலையில் கற்ற இங்கிலீஷ் அவனுக்குக் கொஞ்சம் இருந்தது. ஹோராக்கிடமும் ஏறக்குறைய அதே அளவுதான் இருந்தது. அதனால் இருவருக்கும் சுலபமாகப் புரிந்தது. அது தன் நாடு என்றார் அவர். தோற்றவர்களில் இரண்டு பேர் தன்னோடு ஆடியவர்கள் என்றார். பந்தாடுவதுதான் தன் தொழிலாக இருந்தது என்றும், அதற்குச் சம்பளம் வாங்கியதாகவும் சொன்னார்.

வீரய்யா எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தான்.

"பந்தடிச்சதுக்குச் சம்பளமாங்க?"

"அடித்ததற்கு இல்லை. அடிக்க விடாமல் மறித்ததற்கு. நான் பேக்."

அன்றிலிருந்து இஞ்சின் பொருத்தும் வேலையும் விசாரணையும் ஒன்றாகவே நடந்தன. ஹோராக் செங்கல் சூளைக்காரர் மகன். பதினாலு வயதில் கடைசல் பட்டறையில் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பிராக் நகரத்துக் குழுக்காரர் ஒருவர் கண்ணில் பட்டவர். அங்கே ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று சட்டம் வந்த வருடம் கையெழுத்துப் போட்டவர். இவ்வளவையும் வீரய்யா ஒரு வாரத்தில் வாங்கிவிட்டான். பிறகு நுணுக்கமான கேள்விகள் வந்தன. மழை பெய்தால் சம்பளம் உண்டா? தோற்றால்? காய்ச்சலென்று படுத்தால்? காலையில் பேர் சரிபார்ப்பார்களா?

சரிபார்ப்பார்கள் என்றார் ஹோராக். விடியற்காலையில் ஒருவர் பட்டியலோடு நிற்பார், பிந்தினால் சம்பளத்தில் பிடிப்பார் என்றார்.

"அப்ப அதுவும் பெரட்டுதானுங்களே," என்றான் வீரய்யா.

விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் பேர் எடுக்கிற பெரட்டை ஹோராக்கும் பார்த்திருந்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.

எத்தனை கோல் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, பதினொரு வருடத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் தன் கோலுக்குள்ளேயே என்றார். நாட்டுக்காக ஒரே ஒரு முறை ஆடியிருக்கிறார், வியன்னாவில், கொட்டுகிற மழையில். கால் போனது எப்படி என்ற கேள்வியைத்தான் வீரய்யா கடைசிவரைக்கும் தள்ளி வைத்திருந்தான். கேட்டபோது பதில் சின்னதாக வந்தது. ஆட்டத்தில் ஒருவன் முழங்கால்மேல் விழுந்தான். குழுவினர் ஒரு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் பழைய பட்டறைக்கே திரும்பினார்.

புரட்டாசியில் அட்டனில் தோட்டக் குழுக்களுக்கான போட்டி வைத்தார்கள். ஆட்டத்துக்கு முதல்நாள் இடது பேக் ஆடுகிறவன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியில் காலை வெட்டிக்கொண்டான். குழுத் தலைவன் சோலைமலை ஆள் தேடி அலைந்தபோது, வீரய்யா ஹோராக்கின் பெயரைச் சொன்னான். கால் நொண்டுகிறவரைக் கூப்பிட்டு என்ன செய்வது என்று சோலைமலை தயங்கினான். ஆனால் ஹோராக் உடனே சரி என்றுவிட்டார்.

மைதானத்தில் ரெபரியாக நின்றவர் ரயில்வே கிளாக்கர் ஒருவர். கையில் விதிப் புத்தகம் வைத்திருந்தார். வெள்ளைக்காரர் ஒருவர் கூலியாட்களோடு வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குக் குழப்பம். இது தொழில்முறை ஆட்டக்காரருக்கான போட்டி இல்லை, ஆட்டத்துக்கு யாராவது கூலி வாங்கியதுண்டா என்று பொதுவாகக் கேட்டார். ஹோராக் கையைத் தூக்கினார். ஏழு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன் என்றார். ரெபரி புத்தகத்தைக் காட்டி, அப்படியானால் வெளியே நில்லுங்கள் என்றார்.

அப்போது வீரய்யாவுக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம் வந்தது. குறும்பு ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"ஐயா, ஆட்டத்துக்குப் பழகினதுக்கு நேத்து எங்களுக்கு அரைப் பேர் போட்டாங்க. அப்ப நாங்களும் கூலிக்கு ஆடுறவங்கதானுங்களா?"

பத்துப் பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். வேலைக்குப் போகாமலே அரை நாள் கூலி எழுதியதை அப்படி ஊரறியச் சொல்வார்களா? எதிர்க்குழுவில் ஒருவன், எங்களுக்கு முழுப் பேர் போட்டார்கள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். ரெபரி இரண்டு குழுக்களையும் பார்த்தார், சுற்றி நின்ற சனத்தையும் பார்த்தார். புத்தகத்தை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, எல்லாரும் ஆடுங்கள் என்றார்.

வீரய்யா வலது பக்கம், ஹோராக் இடது பக்கம். சேற்றில் வழுக்கிக்கொண்டு இருபது பேர் ஓடிக்கொண்டிருக்க, ஹோராக் பெரும்பாலும் நடந்தார். இரண்டடி முன்னால் போவார், ஓரடி பக்கவாட்டில் நகர்வார், நிற்பார். பந்து அவரிடமே வந்து சேர்ந்தது. வேகமாக ஓடிவந்த ஒருவன், போக வழியில்லாமல் தானாகவே கோட்டுக்கு வெளியே போய்விட்டான். அவர் அவனைத் தொடக்கூட இல்லை. ஓடாத ஆளைத் தாண்ட முடியவில்லை என்றால் அது எப்படி? முதலில் காலைப் பார்க்கிறாரா, இடுப்பைப் பார்க்கிறாரா? வீரய்யா கண்ணெடுக்காமல் அவரையே கவனித்துக்கொண்டிருந்தான்.

கூச்சல் கேட்டுத் திரும்பியபோது, அவன் மறிக்க வேண்டிய ஆள் அவனைக் கடந்து போய்ப் பந்தைக் கோலுக்குள் தள்ளியிருந்தான். ஆட்டம் முடியும்வரை வேறு கோல் விழவில்லை. ஒன்றுக்குப் பூச்சியமாகத் தோற்றார்கள்.

லாரியில் திரும்பும்போது யாரும் வீரய்யாவோடு பேசவில்லை. சோலைமலை முகத்தைத் திருப்பிக்கொண்டான். எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று ஹோராக் கேட்டபோது, உங்களைத்தானுங்க என்று வீரய்யா உள்ளதைச் சொன்னான்.

ஹோராக் சிரிக்க ஆரம்பித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பதினொரு வருடம் ஆடினேன். சனம் பந்தைத்தான் பார்க்கும். பேக்கைப் பார்த்துக்கொண்டு கோல் விட்டவன் நீ ஒருவன்தான்."

அரைப் பேர் விஷயம் தோட்டத்தை நடத்திய பெரிய துரையின் காதுக்கு எட்டியது. இனிமேல் பந்தாட்டத்துக்கு எதுவும் எழுதக்கூடாது என்று உத்தரவு வந்தது. அந்தக் கோபம் குழுவில் பல வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீரய்யாவுக்கு யாரும் பந்து தட்டவில்லை. இவ்வளவும் கேட்டுத்தான் ஆகணுமா என்று நாகலெட்சுமியும் கடிந்துகொண்டாள். கேட்காமல் இருந்திருந்தால் அவர் ஆடியதைப் பார்த்திருக்க முடியாதே என்றான் வீரய்யா. அவளுக்கு அது நியாயமாகப் படவில்லை.

ஐப்பசியில் இஞ்சின் சீராக ஓடத் தொடங்கியதும் ஹோராக் புறப்பட்டார். போகுமுன் டீமேக்கரிடம், இஞ்சினை ஓட்ட வெளியிலிருந்து ஆள் தேட வேண்டாம், இவனுக்கு எல்லாம் தெரியும், தெரியாததைக் கேட்டுக்கொள்வான் என்று சொல்லிவிட்டுப் போனார். வீரய்யா இஞ்சின் டிரைவர் ஆனான்.

ஆட்டத்திலும் அவன் மாறிவிட்டான். ஓட்டத்தைக் குறைத்தான், நகர்ந்து நகர்ந்து நின்றான். சோம்பேறி என்று முதலில் ஏசினார்கள். அடுத்த வருடம் அந்த வலது பக்கத்தால் கோல் வருவது அபூர்வமாகிப்போனபோது, சோலைமலை பழையபடி பேசத் தொடங்கினான். 1937-ல் அட்டன் கோப்பை தோட்டத்துக்கு வந்தது.

1939 பங்குனியில் முத்துலிங்கம் பத்திரிகையோடு இஞ்சின் அறைக்கு வந்தார். ஜெர்மன்காரப் படை பிராக் நகரத்துக்குள் புகுந்துவிட்டது, அந்த நாடே இனி இல்லையாம் என்று வாசித்துச் சொன்னார்.

"அப்ப அவரை இப்ப எந்த நாட்டுக்காரர்னு சொல்றதுங்க?"

அவரையே கேட்டுவிடலாம் என்றார் டீமேக்கர். அந்த நாட்களில் தோட்டத்திலும் இதே பேச்சாகத்தான் இருந்தது: இந்தியாவிலிருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்களாம், இங்கேயே பிறந்தவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள் என்று. முத்துலிங்கமே வீரய்யாவுக்காக இஞ்சின் கம்பெனி விலாசத்துக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். அதில் மூன்று கேள்விகள். முழங்கால் எப்படி இருக்கிறது? என்ன வேலை செய்கிறீர்கள்? இப்போது உங்கள் நாடு எது?

ஆவணியில் பதில் வந்தது. குளிர்காலத்தில் முழங்கால் வலிக்கிறது. இஞ்சின் பொருத்தும் வேலைதான் செய்கிறேன். மூன்றாவது கேள்விக்கு இப்போது பதில் எழுத முடியாது.

முடியாதா, தெரியாதா என்று வீரய்யா கேட்டான். முத்துலிங்கம் தாளை மறுபடி பார்த்துவிட்டு, முடியாது என்றுதான் போட்டிருக்கிறது என்றார். இரண்டாவது கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. தபால் போகாது என்று தபால்கந்தோரில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வீரய்யா மாதம் ஒருமுறை அங்கே போய், இப்போது போகுமா என்று விசாரித்துவிட்டு வந்தான்.