தங்கராசு அண்ணன் சொல்லாமல் விட்டது

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கடைத் தொலைபேசி மணியடித்தது. "மச்சான் தவறிட்டாரு. சாயங்காலம் எடுக்கறோம்" என்று சொல்லிவிட்டுத் தங்கராசு அண்ணனின் மைத்துனர் வைத்துவிட்டார். அண்ணனைப் பற்றி இத்தனை சுருக்கமான பேச்சை நான் கேட்டது அதுவே முதல்முறை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் அழுதேன்.

ஜாலான் புசார் தெருவில் உள்ள இரும்புச் சாமான் கடையில் அவரும் நானும் பதினைந்து ஆண்டுகள் அடுத்தடுத்து நின்று விற்றோம். கதவுக் கீல் வாங்க வந்தவர் அவரிடம் சிக்கினால், அண்ணனின் கப்பல் பயணம், மாமியாரின் மூட்டுவலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். எங்கள் சீன முதலாளி, போதும் விடு என்று மலாய் மொழியில் கெஞ்சுவார். "இதோ முடிச்சிட்டேன் லா" என்று சொல்லிவிட்டு அண்ணன் அடுத்த கதையை எடுப்பார்.

ஐம்பதுகளின் நடுவில் எனக்குக் காசநோய் வந்து ஏழு மாதம் மருத்துவமனையில் கிடந்தேன். அந்நாளில் அந்தப் பெயரைக் கேட்டாலே சம்பந்தம் பேச வந்தவர்கள் செருப்பைத் தேடுவார்கள். ஈப்போவில் உறவினர் வீட்டில் இருப்பதாக வீட்டார் சொல்லிவைத்திருந்தார்கள். வெளியாரில் உண்மை தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். ஞாயிறுதோறும் வந்து, பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் சேர்த்துப் பேசிவிட்டுப் போவார். அந்த வாயை நினைத்து நான் நோயைவிட அதிகம் பயந்தேன்.

குணமாகி இரண்டு ஆண்டுகள் கழித்துப் புக்கிட் மேராவில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் தாய்மாமா, பூட்டு வாங்குவதுபோல் கடைக்கு வந்து மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். நான் பின்பக்கம் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டேன்.

"பையனுக்கு உடம்பு..."

"அத விடுங்கண்ணே, மொதல்ல இந்தப் பூட்டப் பாருங்க" என்று ஆரம்பித்தார் அண்ணன். ஒரு மணி நேரம் பூட்டு, சாவி, அவர் தெருவில் நடந்த திருட்டு. மாமாவுக்கு வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை. இரண்டு பூட்டுகளோடு வேர்த்து விறுவிறுத்துப் போனார்.

நான் ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்தேன். அவர் உதறிவிட்டார்.

"தப்பிச்சிட்டோம்னு நெனைக்காத முத்து. அது நான் சொல்ற சேதி இல்ல, நீ சொல்ற சேதி. ஞாயித்துக்கெழமைக்குள்ள போய்ச் சொல்லிடு. இல்லாட்டி ஒன் கல்யாணத்துல நான்தான் வாழ்த்துரை!"

போனேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். தாய்மாமா எழுந்துவிட்டார். என் மனைவி கமலா, அன்று பெண்ணாக நின்றவள், "இப்ப நல்லாயிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். மருத்துவர் கொடுத்த சான்றை நீட்டினேன். வாங்கிப் படித்தாள். "அப்ப உக்காருங்க மாமா" என்று அவரிடம் சொன்னாள்.

கல்யாணத்தில் அண்ணன் எப்படியும் வாழ்த்துரை பேசத்தான் செய்தார். சாம்பார் ஆறிப்போனது. சமையல்காரர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். ஆனால் அவ்வளவு பேச்சிலும் ஆஸ்பத்திரி என்ற சொல் வரவில்லை.

செவ்வாயன்று தோ பாயோவில் அவருடைய புது வீட்டுக்குப் போனேன். அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அண்ணன் வாராவாரம் வந்தத மறக்க முடியுமா அண்ணி?" என்றேன்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஆஸ்பத்திரி? ஞாயித்துக்கெழமன்னா பந்தாட்டம் பாக்கப் போறேன்னுல்ல கெளம்புவாரு. புள்ளைங்களோட இருக்க மாட்டீங்களான்னு எவ்ளோ திட்டியிருக்கேன்!"

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கதையைக்கூட மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொல்கிற மனிதர், ஏழு மாதம் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு எனக்காக வாயை மூடியிருக்கிறார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, கூடியிருந்த அத்தனை பேரும் கேட்க, காசநோய் என்ற பெயரையும் சேர்த்து முழுக் கதையையும் சொன்னேன். வெகுநேரம் பேசினேன். யாரும் என்னை நிறுத்தவில்லை.

போய் வாருங்கள், அண்ணே. இனி அதை நானே எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன்.