இடுப்பில் ஒரு கூரை

தொழிற்கல்லூரியின் வெல்டிங் பட்டறையில் அவளைத் தீப்பொறி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தும்மினால் மூக்கிலிருந்து நாலு பொறி பறக்கும் என்று பையன்கள் சத்தியம் செய்வார்கள். சுத்தப் பொய். இரண்டுதான் பறக்கும். குழாயோடு குழாயை அவள் ஒட்டினால், ஒட்டிய இடம் தெரியாமல் எறும்பே தடவித் தடவித் தேடும்.

அப்படிப்பட்ட கைதேர்ந்தவள், காலையில் வீட்டில் குடித்த தேநீரோடு சரி. சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் தொடமாட்டாள்; அம்மா கொடுத்தனுப்பும் புட்டி நிறைந்தபடியே வீடு திரும்பும். காரணம், அவள் போட்டிருந்த உடுப்பு. கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே துண்டு, கோணிப்பை கனம். கழிப்பறைக்குப் போனால் மொத்தத்தையும் உரிக்க வேண்டும். சட்டைக் கை ஈரத்தரையில் புரளும். மறுபடி மாட்டி வருவதற்குள் அவளுடைய மேசையில் வேறொருத்தன் குழாயோடு உட்கார்ந்திருப்பான். பட்டறைப் பெண்கள் எல்லோருமே இப்படி நாக்கு வறண்ட ஒட்டகங்கள்தான்.

ஒட்டகத்துக்குப் பரவாயில்லை, தீப்பொறிக்குத் தாங்கவில்லை. நீர்க்கடுப்பும் காய்ச்சலும் இரண்டு தடவை வந்து படுக்கையில் தள்ளின.

"மறுபடி வந்தா சிறுநீரகத்துக்கே ஏறிடும். தண்ணி குடி, இல்லன்னா அந்த வேலையை விடு" என்றார் டாக்டரம்மா.

அம்மா அதில் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள். "திங்கட்கிழமை கம்ப்யூட்டர் வகுப்புக்கு மாறிடு. காத்தாடிக்குக் கீழ உக்காரலாம்."

"அங்க எதையும் ஒட்ட முடியாதேம்மா!"

"உன் வாயை ஒட்டிக்கோ."

மறுநாளே தையல் பிரிவுத் தோழி ஊசியிடம் ஓடினாள்.

"இதை இடுப்புல ரெண்டா வெட்டுடி."

"ஐயோ, கல்லூரிச் சொத்துடி!"

"என் சிறுநீரகம் யாரு சொத்து?"

கத்தரி கரகரவென்று ஓடியது.

பட்டறை மாஸ்டர் பார்த்ததும் கையை விரித்தார். "குனிஞ்சா முதுகு தெரியும், பொறி உள்ள இறங்கும். என் முதுகுல இருக்கிற தழும்பைக் காட்டட்டுமா? ஒரே துண்டுதான் சட்டம்."

அவர் சொன்னது நியாயம். தீப்பொறி சோர்ந்துபோய் மேலே பார்த்தாள். பட்டறைக் கூரைத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்திருந்தன. எந்த மழையாவது அதற்குள் இறங்கியதுண்டா? அவள் போட்ட கூச்சலில் கூரைப் புறா முட்டையோடு பறந்தது.

"ஊசி! சட்டை தொடை வரைக்கும் தொங்கணும். கால்சட்டை முதுகு வரைக்கும் ஏறணும். கூரை மாதிரிடி, கூரை!"

வெள்ளிக்கிழமை புது உடுப்பு வந்தது. பஞ்சு அடைத்த பொம்மைக்கு அதை மாட்டி, குனிந்த வாக்கில் மேசைமேல் கவிழ்த்தார்கள். மொத்தக் கல்லூரியும் ஜன்னலில் தொங்கியது. மாஸ்டர் இரும்பை ராவும் இயந்திரத்தைத் தானே எடுத்துப் பொம்மையின் முதுகில் பொறிமழை பொழிந்தார்.

புகை கிளம்பியது!

"பாத்தியா!" என்று தண்ணீரை ஊற்றினார் மாஸ்டர்.  தீப்பொறி ஓடிப்போய்ப் பொம்மையின் இடுப்புக்குள் கைவிட்டாள். பஞ்சு வெள்ளை வெளேரென்று வந்தது. கருகியிருந்தது சட்டையின் பின்பக்கப் பையும், அதற்குள்ளிருந்த கைக்குட்டையும்.

"மூடியில்லாத பை யாரு வெச்சது?"

"அழகுக்கு வெச்சேன் சார்" என்று முனகினாள் ஊசி. "கைக்குட்டையும் என்னுதுதான்."

பையன்கள் ஆளுக்காள் தங்கள் பின்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாமே வாயைப் பிளந்த பைகள். மாஸ்டரின் கையும் மெல்லப் பின்னால் போனது. அவருடையதும் அப்படித்தான். ஒரு நிமிடம் முறைத்தவர், வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

"மூடி தைச்சுக் கொண்டாங்க. எனக்கும் சேர்த்து!"

இரண்டாம் மழையில் ராவும் சக்கரம்தான் தேய்ந்தது; பஞ்சில் ஒரு புள்ளி விழவில்லை. "போட்டுக்கோ" என்றார் மாஸ்டர்.

தீப்பொறி உடுப்பை மாட்டினாள். புட்டியைக் காலி செய்துவிட்டு, பட்டறைத் தண்ணீர்க் குழாயில் வாய் வைத்துக் குடித்த குடியில் ஊர்த்தொட்டி ஒரு சாண் இறங்கியது. இடைவேளையில் ஓடினாள். மணி அடிப்பதற்குள் திரும்பி, கைகளை உயர்த்திக்கொண்டு வந்து நின்றாள். அவள் மேசை காலியாகவே இருந்தது. பட்டறை அதிரக் கைதட்டல்! கழிப்பறைக்குப் போய்வந்ததற்குக் கைதட்டல் வாங்கியவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் அம்மா அவள் தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"கீழ ஊத்திட்டியா?"

"குடிச்சேம்மா. மூணு தடவை போயும் வந்தேன்!"

அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

"சரி, திங்கட்கிழமைக்குப் பெரிய புட்டியா வாங்கித் தரேன். பட்டறைக்கே போய்த் தொலை."