தமிழ்ல எழுதுன அஞ்சு மார்க் பதில்

போன வருசம் ஆடி மாசம். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என் ஆட்டோவுல தெனமும் மூணு அக்காமாரு வருவாங்க. பி.எட். படிக்கிறவங்க, அங்க ஒரு ஸ்கூல்ல ட்ரெய்னிங். நான் ஒம்பதாவதோட ஸ்கூலுக்கு டாட்டா காட்டுனவன். டீச்சர்னு தெரிஞ்சா என் வாய் சும்மா இருக்குமா? "ஹோம்வொர்க் முடிச்சாச்சா? முடிக்காதவங்க எறங்கிருங்க"ன்னு சொல்லித்தான் வண்டியவே கெளப்புவேன்.

அன்னைக்கு மூணு பேரு மடியிலயும் சயின்ஸ் டெஸ்ட் பேப்பர். ஆடிக் காத்துல பறந்துராம முழங்கையால அமுக்கிக்கிட்டுத் திருத்துறாங்க. ஒரு பேப்பர்ல அப்படியே நின்னுட்டாங்க. இங்கிலீஷ் மீடியம் எட்டாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு. செடி எப்படிச் சாப்பாடு தயாரிக்குதுன்னு அஞ்சு மார்க் கேள்வி. மொத வரிய இங்கிலீஷ்ல ஆரம்பிச்சுட்டு, மிச்சத்தப் பூராம் தமிழ்ல எழுதிருக்கு. பதில் சரிதான். அந்த மார்க் விழுந்தா பாஸ், இல்லாட்டி ஃபெயில்.

"ஏட்டி, தெரிஞ்சுதான எழுதிருக்கு? போட்டு விடு"ன்னாங்க ஒரு அக்கா.

"நமக்கு ட்ரெய்னிங் மார்க் போடுற கைடு டீச்சர் பாத்தா நம்ம மார்க்லல்லா கை வைப்பாங்க"ன்னாங்க இன்னொரு அக்கா.

அந்தப் பேப்பர வச்சிருந்த கண்ணாடி போட்ட அக்கா, "சைபர்"னுட்டாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. "ஏக்கா, இம்புட்டு நேரமா தமிழ்லதான சண்டை போடுறீங்க? உங்க மூணு பேருக்கும் சைபரா?"ன்னேன். ரெண்டு பேரு சிரிச்சாங்க. கண்ணாடி அக்கா சிரிக்கல.

"தம்பி, நான் தேவதானத்துல தமிழ் மீடியம் படிச்சவ. காலேஜ் இங்கிலீஷ் மீடியம், அங்க டெஸ்ட்ல தமிழ்ல எழுதுனாலும் பாவம்னு மார்க் போட்டாங்க. பெரிய பரீட்சைல திருத்துனவங்களுக்கு என்னையத் தெரியுமா? மூணு பேப்பர் போச்சு. இவளுக்கும் அப்படி ஆகணுமா?"

முன்னால திரும்பி வண்டிய ஓட்டுனேன்.

ஸ்கூல் வந்துச்சு. அந்தப் பேப்பர் எழுதுன பிள்ளை, தமிழ்ல எழுதுனதுக்கு என்ன ஆகுமோன்னு அழுத மூஞ்சியோட கேட்லயே நின்னுச்சு. கண்ணாடி அக்கா அத என் ஆட்டோவுலயே உக்கார வச்சு, "மொத தமிழ்ல சொல்லு"ன்னாங்க. கடகடன்னு சொல்லிருச்சு. பொறவு ஒவ்வொரு வரியா இங்கிலீஷ்ல சொல்ல வச்சு, அதையே எழுத வச்சு, மார்க்கும் போட்டுட்டாங்க.

சாயங்காலம் கண்ணாடி அக்கா மூஞ்சி செத்துப் போய்க் கெடந்துச்சு. சொல்லிக் குடுத்து எழுத வச்சதுக்கு எப்படி மார்க் போடலாம்னு கைடு டீச்சர் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்களாம். அக்காவோட ட்ரெய்னிங் மார்க்லயும் கொறைச்சாச்சு. அந்தப் பிள்ளைக்கு மட்டும் மறு டெஸ்ட், அது எழுதும்போது அக்கா பக்கத்துலயே போகக் கூடாதாம், திருத்துறது மட்டும் அக்காதானாம்.

ரெண்டு நாள் ஹோம்வொர்க் கேக்காமலே வண்டியக் கெளப்புனேன். மூணாம் நாள் கண்ணாடி அக்காவே, திருத்துன மறு டெஸ்ட் பேப்பர நீட்டுனாங்க. எழுத்துப் பிழை ஏகப்பட்டது, ஆனா எல்லாம் இங்கிலீஷ். அஞ்சுக்கு மூணு, பாஸ்.

"ஏக்கா, இன்னொரு மார்க் போட்டா கொறைஞ்சா போயிருவீங்க?"

"மூணுக்குத்தாம்ல எழுதிருக்கா"ன்னு சிரிச்சாங்க.

எனக்கும் ஒரு அக்கா அப்படிக் கெடைச்சிருந்தா கலெக்டர் ஆயிருப்பேன்னு சொல்ல வரல, ஆட்டோ நல்லாத்தான் ஓடுது. ஆனா சைபர் போடுற டீச்சர் எல்லாரும் பிள்ளைய வேண்டாம்னு தள்ளுறவங்க இல்லங்கிறது எனக்கு அன்னைக்குத்தான் வெளங்குச்சு.