இடதுபக்கம்

என் அத்தானுக்குப் பேருந்துக் கொட்டகையில் வைத்த பட்டப்பெயர் 'இடதுபக்கம்'. ஊர் சுற்றிக் காட்டும் மாடிப் பேருந்தில் மைக் பிடித்துப் பேசுவது அவர் வேலை, ஓட்டுவது என் வேலை. துறைமுகம், கலங்கரை விளக்கம், எந்தக் காலத்திலும் சரியான நேரம் காட்டாத மணிக்கூண்டு, மீன் சந்தை என்று எதைக் காட்டினாலும் "உங்கள் இடது பக்கம் பாருங்கள்" என்றுதான் ஆரம்பிப்பார். வலது பக்கம் இருப்பதைக் காட்ட என்னை ஒரு சுற்று சுற்றி வரச் சொல்வார். டீசல் அவர் அப்பன் வீட்டுச் சொத்தா என்று நான் திட்டாத நாளில்லை. வீட்டில் கத்தரிக்கோல் எங்கே என்று அக்கா கேட்டாலும் "உன் இடது பக்கம்" என்பார். அது நிச்சயம் வலது பக்கம்தான் கிடக்கும்.

அக்கா முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். ஊரார் துணிக்கு ஓரம் மடிப்பது, பிடிப்பது, தளர்த்துவது. சாயங்காலம் விளக்குப் போட்டதும் அவள் கைத்தையலை மடியில் வைத்துக்கொள்வாள், அத்தான் நூலகத்துப் புத்தகத்தை எடுத்துச் சத்தமாகப் படிப்பார். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். குழந்தை குட்டி இல்லாத அந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு வந்து போனவர்கள் எல்லாம் கதை மனிதர்கள்தான். மாடி அறையில் தனிக்கட்டையாக இருக்கும் நானும் சாப்பிடுகிற சாக்கில் வந்து உட்கார்ந்துவிடுவேன்.

அக்காவுக்குப் பொறுமை கிடையாது. பகலில் அவர் வேலைக்குப் போனதும் அடுத்த அத்தியாயத்தைத் திருட்டுத்தனமாகப் படித்துவிடுவாள். சாயங்காலம் கையும் களவுமாக மாட்டிக்கொள்வாள்.

"அழ வேண்டிய பக்கம் இன்னும் வரவே இல்ல. அதுக்குள்ள கண்ணைத் தொடைக்கிறே?"

"கண்ணுல தூசி."

"தூசிக்கு அத்தியாயம் நம்பர் தெரியுமோ?"

அன்றாடம் இந்தச் சண்டை உண்டு. அவர்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

ஒருநாள் கொட்டகையில் பேசிக்கொண்டே நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். கை கால் தப்பியது, பேச்சும் தப்பியது. வலது பக்கப் பார்வை மட்டும் பாதி போய்விட்டது என்றார்கள். "பேருக்கேத்த மாதிரி இனி இடதுபக்கம் மட்டும்தான்டா தெரியும்" என்று படுக்கையிலிருந்தே சிரித்தார். நாங்களும் சிரித்துத் தொலைத்தோம்.

வீடு திரும்பிய பிறகு, அக்காவுக்கு வாங்க வேண்டிய நூல்கண்டுகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தார். "என்ன இது, கோழிக் கிறுக்கல்? மூணாவது என்ன கலரு?" என்று சீட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு நிமிடம் முன்னால் அவர் கையால் எழுதிய எழுத்து. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது என்ன பாஷைடா?" என்றார்.

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்த பிடியில் விளையாட்டு இல்லை. அக்காவுக்குத் தெரியாமல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். எழுத வரும், எழுதியதைப் படிக்க வராது, இப்படியும் ஒரு கோளாறு உண்டு என்றார் அவர். படிப்பு திரும்பி வருமா என்றதற்கு, சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்றார். இதைச் சொல்ல ஒரு மருத்துவரா?

"உங்கக்காகிட்ட மூச்சு விடக் கூடாது" என்றார் அத்தான் வெளியே வந்ததும். "அவ என்னைக் கட்டிக்கிட்டதே நான் படிக்கிறதைக் கேட்டுத்தான். எழுத்துத் தெரியாத ஆளா அவ முன்னால உக்கார மாட்டேன். அதுக்கு அன்னிக்கு விழுந்தவன் அப்படியே போயிருக்கலாம்."

"வாயைக் கழுவுங்க அத்தான்."

அன்று சாயங்காலமே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பனி மலையில் ஒரு ரயில் நிலையம், அதில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், அவன் மனைவி. விழுவதற்கு முன் பாதிப் புத்தகம் முடித்திருந்தார்கள். அத்தான் பக்கத்தைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி, சொந்தமாக அளந்துவிட ஆரம்பித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எனக்கோ திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை.

முதலில் ஸ்டேஷன் மாஸ்டர் கொடியசைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தான். நாளாக ஆக அத்தானிடம் மலைச்சரக்கு தீர்ந்துபோனது. அவருக்குத் தெரிந்தது இந்த ஊர் ஒன்றுதான். பனி மலையில் திடீரென்று மீன் சந்தை முளைத்தது. ஸ்டேஷன் மாஸ்டர் மணிக்கூண்டைப் பார்த்து நேரம் தப்பாக இருப்பதாகக் குறைபட்டான். ஒரு நாள் மனைவியைக் கலங்கரை விளக்கத்துக்கே கூட்டிப்போய்விட்டான். நான் இருமினேன், செருமினேன். அக்கா தலை நிமிராமல் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். அவர் விழுந்ததிலிருந்து அவளுக்குப் புத்தகத்தைத் தொடும் மனசே இல்லை, அதனால் பிழைத்தோம் என்று நாங்கள் நம்பினோம்.

வேலைக்குத் திரும்பிவிட்டார், பகலில் பிரச்சினை இல்லை. பேருந்தில் பேச வேண்டியதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், கடைப் பலகைகளை முறைத்துக்கொண்டு வாயசைப்பார். ஒரு எழுத்தாவது வருமா என்று. ஒன்றும் வரவில்லை. எனக்கு யார்மேல் என்றே தெரியாமல் கோபம் வரும்.

போன வாரம் மேலாளர் புது வழித்தடம் போட்டார். வண்டி கிளம்புகிற நேரத்தில் அச்சடித்த தாள்களை அத்தான் கையில் திணித்து, இதில் உள்ளபடிதான் பேச வேண்டும் என்று சொல்லி, அவரும் ஏறி உட்கார்ந்துகொண்டார். எனக்கு வாய் திறக்க நேரமில்லை. முதல் திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கினேன். ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் கேட்டது. தாள் படபடக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்கள் இடது பக்கம்..." என்றார். எல்லோரும் இடது பக்கம் திரும்பினார்கள். அங்கே ஒரு வெற்றுச் சுவர் இருந்தது. யாரோ சிரித்தார்கள். மறுபடியும், "உங்கள் இடது பக்கம்..." அதற்கு மேல் வரவில்லை. நான் பாவி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

உடம்பு சரியாகும்வரை வீட்டில் இருங்கள் என்றார் மேலாளர், மரியாதையாகத்தான்.

சட்டைகூட மாற்றாமல் சாயங்காலம்வரை முன்னறையில் உட்கார்ந்திருந்தார் அத்தான். தலைசுற்றல் என்று அக்காவிடம் சொல்லி வைத்தேன். விளக்குப் போட்டதும் வழக்கம்போல் புத்தகத்தை எடுத்தார்.

"ஸ்டேஷன் மாஸ்டர் அன்றைக்குத் துறைமுகத்தில் இறங்கி..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். புத்தகத்தை மூடினார்.

"எனக்குப் படிக்க வரலை. ஒரு எழுத்துகூட. இத்தனை நாளா உன்னை ஏமாத்திட்டு இருந்தேன்" என்றார்.

"தெரியும்" என்றாள் அக்கா.

"தெரியுமா? எப்போலேருந்து?"

"மொத நாள்லேருந்து. பகல்ல நான் சும்மா இருப்பேனா?" ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அந்த ஸ்டேஷன் மாஸ்டர் எப்பவோ செத்துப் போயாச்சு. நீங்கதான் அவனை இழுத்துக்கிட்டு ஊர் சுத்திட்டு இருந்தீங்க."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அத்தான் சிரிக்கவில்லை. சொந்தக்காரன் சாவுச் செய்தி வந்ததுபோல அவளையே பார்த்தார்.

"செத்துட்டானா? எப்போ?"

"நீங்க விழுந்த அன்னிக்கு சாயங்காலம் படிக்க வேண்டிய பக்கத்துல."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நீங்க அவனை உசுரோட வெச்சிருந்தீங்க. இருக்கட்டும்னு நெனச்சேன்." மடியில் கிடந்த துணியை நீவிவிட்டாள். "நீங்க புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருந்தப்போகூட நான் ஒண்ணும் சொல்லலையே."

அத்தான் புத்தகத்தின் மீதிப் பக்கங்களை விரலால் தடவிப் பார்த்தார். இன்னும் தடிமனாகத்தான் இருந்தது.

"அவன் செத்துட்டான்னா, மீதி இவ்வளவுலயும் யாரு இருக்கா?"

"அவன் பொண்டாட்டி இருக்கா" என்றாள் அக்கா.

அவள் அந்தத் துணியை மிஷின்மேல் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து அவருக்கு இடது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் பிரித்தாள். சத்தமாகப் படித்துப் பழக்கமில்லாதவள், முதல் வரியிலேயே தடுக்கினாள்.

"மெதுவாப் படி" என்றார் அத்தான். "புள்ளி வந்தா நிறுத்து."