சமதரையில் நின்றுபோன ஜீப்

அக்கா!

நான் மட்டுமா உன்னை அப்படிக் கூப்பிட்டேன்? எங்கள் மலையில், அரியூர் நாட்டில், பாதிப் பேருக்கு நீ அக்காதான். உன்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட, பைக் நின்றுபோனால் தள்ளிக்கொண்டு வந்து, "அக்கா இருக்குதுங்களா?" என்று வாசலில் நிற்பார்கள். அதனால் உன் பேர் அதுதான். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. ஜீப் ஓடுகிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா, அம்மா, அக்கா, அவள் தங்கை நான். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். அக்கா ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அப்பா ஒரு காலத்தில் ஜீப் ஓட்டியவர். மரவள்ளிக் கிழங்கு, மிளகு, பிரசவத்துக்குப் போகிற பெண்கள், எல்லாம் அந்த ஜீப்பில்தான் கீழே இறங்கினார்கள். நல்ல ரோடும் பஸ்ஸும் வந்தபின் அது பலாமரத்தடியில் நின்றுவிட்டது. எட்டு வருடம் நின்றது. கோழி அதில்தான் முட்டை இட்டது.

அக்கா படிப்பு முடித்து வந்த வாரமே பானட்டைத் தூக்கினாள். "இத ஓட்டிக் காட்டறேன், பாக்கறீங்களா?" என்றாள். அப்பா சிரித்தார். அடுத்த வாரம் அவரே மண் சரிவை வெட்டித் தகரம் போட்டு ஷெட் ஆக்கினார். அந்த ஷெட்டில் மூன்று வருடம் வேலை பார்த்தோம். இன்ஜின் அக்காவுடையது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் அப்பா. துரு சுரண்டுவது, பட்டி பார்ப்பது, பெயிண்ட் அடிப்பது நான். அம்மா கிழங்கு மூட்டை தைக்கிற கோணூசியை வைத்து சீட்டு முழுவதையும் தைத்தாள். அப்படிப்பட்ட தையலைக் கடையில் வாங்க முடியாது. இன்றைக்கும் ஒரு முடிச்சு அவிழவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை. செல்ஃப் மோட்டார். சாவி போட்டதும் இன்ஜினைச் சுற்றிவிடுகிற மோட்டார் அது. எங்கள் மலையில் பழைய வண்டி வைத்திருக்கிற யாரும் அதை நம்புவதில்லை. வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்துவோம். டயருக்குக் கல் வைப்போம். போகும்போது கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும், கியரைப் போட்டு கிளட்சை விட்டால் ஸ்டார்ட். எங்கள் ஷெட்டின் வாசலே சரிவைப் பார்த்துத்தான் இருக்கிறது. அப்பா வேறு மாதிரிக் கட்டவே நினைக்கவில்லை.

"மலையில எவனுக்கு செல்ஃப்? இறக்கம் இருக்குது, கல்லு இருக்குது. வேறென்ன வேணும்?" என்பார் அப்பா.

"என்னைக்காச்சும் சமதரைக்குப் போவீங்கல்ல, அன்னைக்குத் தெரியும்" என்பாள் அக்கா.

"சமதரையில நமக்கென்ன வேலை?"

நான் அப்பா பக்கம். எனக்கு பெயிண்ட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா கேட்கவில்லை. மோட்டாரைக் கழற்றிப் பிரித்து, பாகங்களை ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டு வைத்தாள். இன்ஜின் பக்கத்தில் மோட்டார் உட்காரும் இடத்தை எமரித்தாளால் துரு போக வெள்ளையாகத் தேய்த்தாள். பக்கத்தில் சேசிஸில் எர்த் வயர் மாட்டும் இடத்தையும் தேய்த்தாள்.

"இங்க ரெண்டு எடத்துல மட்டும் பெயிண்ட் அடிச்சராத புள்ள. எர்த் ஆவாது."

"போக்கா. மத்ததெல்லாம் பச்சையா இருந்து அது மட்டும் சொட்டையா இருந்தா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"பானட்டத் தூக்கிப் பாத்துச் சிரிக்கறவன் எவன்? உனக்கு வாற மாப்பிள்ளையா?"

"வந்தா உன்னத்தான் மொதல்ல பாப்பான். கரி பூசின மூஞ்சிய."

அவள் என் மூக்கில் கிரீஸைத் தடவிவிட்டு ஓடினாள்.

மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாளில் போய்விட்டாள். அவள் வயது இருபத்தைந்து. இதற்கு மேல் அந்தப் பதினோரு நாளைப் பற்றி என்னால் சொல்ல முடியாது.

காரியம் முடிந்த மறுநாள் நான் ஷெட்டுக்குள் போய் பெயிண்டை எடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கரும்பச்சை. ஒரு இடம் விடவில்லை. வெளியே, உள்ளே, அடியில், இன்ஜின் மேல்கூட. செல்ஃப் மோட்டாருக்கான ஓட்டையைச் சுற்றியும் அடித்து, தகரம் வெட்டி மூடி, அதற்கும் அடித்தேன். பால்பவுடர் டப்பாவை மட்டும் யாரும் தொடவில்லை. அது வீட்டு அலமாரியில் இருந்தது. அம்மா அதைப் பார்த்தால் வெளியே போய்விடுவாள்.

சித்திரையில் அப்பா சொன்னார்: "பழைய இரும்பு எடுக்கறவரு புளியஞ்சோலைப் பக்கமிருந்து வெள்ளிக்கிழமை வாராரு. குடுத்தரலாம்னு இருக்கறேன். உங்கம்மாவால அதப் பாக்க முடியல."

"அக்கா கை பட்ட இன்ஜினுங்கப்பா அது. அத ஒடைக்கறதுக்கா குடுப்பீங்க?"

"ஆர்.சி. செத்துப்போன வண்டிய வெச்சு என்ன பண்ணறது, சாமி? ரோட்டுல ஏத்த முடியாது."

"ஆர்.சி.யப் புதுப்பிச்சிட்டா?"

அப்பா ஷெட் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "வெள்ளிக்கிழமைக்குள்ள பண்ணிக்காட்டு. ஆச்சுன்னா வண்டி இருக்கட்டும். ஆவலைன்னா அவரு எடுத்துட்டுப் போவட்டும்" என்றார்.

எனக்குச் சந்தேகமே இல்லை. வண்டி நன்றாக இருந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் கல்லை எடுத்தேன், ஜீப் உருண்டது, கிளட்சை விட்டேன், ஒரே பிடியில் பிடித்துக்கொண்டது. மலைப்பாதையின் எழுபது வளைவிலும் நான்தான் இறக்கினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

கீழே பிரேக் இன்ஸ்பெக்டருக்கு வண்டி காட்டுகிற மைதானம் நெல் காயப்போடுகிற களம்போல இருந்தது. வண்டி நின்றதும் அப்பா இறங்கி, எங்கிருந்தோ ஒரு கல்லைத் தேடிக் கொண்டுவந்து டயருக்கு அடியில் வைத்தார். லாரிக்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

"பெரியவரே, சமதரையில எதுக்குங்க கல்லு? வண்டி வீட்டுக்கு ஓடிருமா?"

"பழக்கமுங்க" என்றார் அப்பா. ஆனால் கல்லை எடுக்கவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர். முதலில் என்னை ஓட்டிக் காட்டச் சொன்னார். பிரேக் பார்த்தார். லைட், ஹாரன் பார்த்தார். கோணூசித் தையலைத் தடவிப் பார்த்து, "சீட்டு யாரும்மா தைச்சது?" என்றார். எல்லாம் சரியாகப் போனது. கடைசியில், "இன்ஜினை ஆஃப் பண்ணும்மா, சேசிஸ் நம்பர் பாக்கணும்" என்றார். ஆஃப் பண்ணினேன். நம்பர் பார்த்து எழுதிக்கொண்டார்.

"சரி, ஸ்டார்ட் பண்ணி ஓரமா போடு."

என் கை தானாக கியருக்குப் போனது. முன்னால் பார்த்தேன். பக்கத்தில் பார்த்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் தட்டையாக இருந்தது.

"என்னம்மா தேடற?"

"சார், இங்க இறக்கம் எங்கீங்க இருக்குது?"

மைதானமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். "இறக்கத்துக்கு நான் எங்கம்மா போறது? சாவியப் போடு."

"சாவியில ஆவாதுங்க சார். செல்ஃப் இல்லீங்க."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் கூடவே அக்கா சொன்னதும் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்துவிட்டது. மூன்று வருடம் நாலு பேர் ஒரு வண்டியைப் பார்த்துப் பார்த்து இழைத்து, சமதரையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியாகக் கீழே கொண்டுவந்திருக்கிறோம்!

"மலை வண்டிப்பா, ஒரு கை குடுங்க" என்று ஒரு லாரிக்காரர் கூப்பிட்டார். ஆறு பேர் வந்து குனிந்தார்கள். வண்டி அசையவில்லை. "ஒரு இஞ்சுகூட நகர மாட்டேங்குது, என்ன கனம்டா!" என்று ஒருவர் மூச்சு வாங்கினார். அப்புறம்தான் அப்பா ஓடிப்போய்க் கல்லை எடுத்தார். அன்றைக்கு இரண்டாவது தடவை சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "வண்டி நல்லா இருக்குதும்மா. செல்ஃப மட்டும் போட்டுக் கொண்டா. வியாழக்கிழமை இருப்பேன்."

வியாழன். அடுத்த நாள் வெள்ளி. திரும்பி ஏறும்போது இன்ஜினை எங்கேயும் நிறுத்தவில்லை. டீக்கடையில்கூட வண்டியிலேயே உட்கார்ந்து குடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்தாள், போகவில்லை. அக்கா பாதி வேலைக்கு மேல் முடித்திருந்தாள். உள்ளே சுற்றுகிற பாகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து துணியில் சுற்றி வைத்திருந்தாள். அதில் உரசி கரண்டு தருகிற கரித்துண்டுகள் நாலும் புதிதாக வாங்கி பேப்பரில் மடித்திருந்தாள். மாட்டுவதுதான் பாக்கி.

அதுதான் கஷ்டம். ஒவ்வொரு கரித்துண்டையும் ஒரு ஸ்பிரிங் அழுத்தும். நாலு ஸ்பிரிங்கையும் ஒரே சமயத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நடுவில் அந்தப் பாகத்தை இறக்க வேண்டும். என் விரல் நழுவிக்கொண்டே இருந்தது. செவ்வாய் முழுக்க ஷெட்டில் அதிலேயே போனது. நான் டப்பாவைத் தூக்கி அடிக்கப்போனேன்.

"இரு கண்ணு." அம்மா வீட்டுக்குள் போய் நாலு கோணூசியோடு வந்தாள். அந்த ஷெட்டுக்குள் அவள் கால் வைத்தது மார்கழிக்குப் பிறகு அன்றைக்குத்தான். ஊசி முனையை ஸ்பிரிங்கில் கோத்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். "நானு ரெண்டப் புடிச்சிக்கறேன். மத்த ரெண்ட உங்கப்பனப் புடிக்கச் சொல்லு. மூட்டை தைக்கறதவிட இது ஒண்ணும் பெரிசில்ல."

உள்ளே இறங்கியது. புதன்கிழமை தகரத்தைப் பிடுங்கிவிட்டு மோட்டாரை அதன் இடத்தில் மாட்டினோம். சாவியைப் போட்டேன். டிக். மறுபடி போட்டேன். டிக். அவ்வளவுதான்.

அப்பா பேட்டரியைப் பார்த்தார். சரியாக இருந்தது. வயரைப் பார்த்தார். அதுவும் சரி. "போதும் சாமி, உட்டுரு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அதனால்தான் எனக்கு வலித்தது.

நான் வண்டிக்கடியில் படுத்தபடியே மேலே பார்த்தேன். எல்லாம் பளபளவென்று கரும்பச்சை. ஒரு இடம் விடாமல். அப்போதுதான் மூக்கில் கிரீஸ் தடவின மாதிரி இருந்தது.

பெயிண்ட்! மோட்டார் உட்காரும் இடத்திலும் அடித்திருந்தேன், எர்த் வயர் மாட்டும் இடத்திலும் அடித்திருந்தேன். கரண்டு திரும்பிப் போக வழியே இல்லாமல் நான்தான் பூசி மூடியிருக்கிறேன். அக்கா தேய்த்து வைத்த இரண்டு இடத்தையும், அவள் போன துக்கத்தில், நானே மூடிவிட்டேன்.

மோட்டாரை மறுபடி இறக்கினேன். எமரித்தாளை எடுத்து நான் அடித்த பெயிண்டை நானே தேய்த்தேன். பச்சை போய், அதற்கடியில் அவள் தேய்த்த வெள்ளை இரும்பு வந்தது. திரும்ப மாட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தேன். அம்மா வண்டி ஓட்டத் தெரியாதவள். சாமி கும்பிட்டுவிட்டுத் திருகினாள். ஜீப் ஒரு உதறு உதறிப் பிடித்துக்கொண்டது. அம்மா பயந்து, "அய்யோ, நிறுத்துடி, நிறுத்துடி!" என்று கத்தினாள். அப்பா ஷெட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். இத்தனை மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

வியாழக்கிழமை அதே மைதானம். அப்பா அதே கல்லைத் தேடி எடுத்து வைத்தார். இன்ஸ்பெக்டர், "ஆஃப் பண்ணு... இப்ப ஸ்டார்ட் பண்ணு" என்றார். பண்ணினேன். "இறக்கம் வேண்டாமா?" என்றார். "வேண்டாமுங்க சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை இரும்பு எடுக்கிறவர் வந்தார். வாசலில் வைத்தே அம்மா சொல்லிவிட்டாள்: "இரும்பெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. இது எங்க பெரிய புள்ள வண்டி."

இப்போது அதில் நான்தான் கிழங்கு ஏற்றிப் போகிறேன். பைக் நின்றுபோனவர்கள் இன்னும் நம் வாசலுக்கு வருகிறார்கள். பாதி வேலை எனக்குத் தெரியும், மீதியைக் கற்றுக்கொள்வேன். பானட்டைத் தூக்கினால் அந்த இரண்டு இடம் மட்டும் பெயிண்ட் இல்லாமல் இருக்கும். யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும்.

இவ்வளவு தூரம் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் சரி, விளக்கு ஏற்றும்போதோ, ஜெபம் பண்ணும்போதோ, இன்றைக்கு அவளுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். பேர் வேண்டியதில்லை. அக்கா என்று சொன்னால் போதும்.