பாலாற்றில் அம்மா போன சவாரி

பாலாற்றில் தண்ணீர் ஓடினாலே எங்கள் பக்கத்தில் அது ஒரு செய்தி. எனக்குப் பத்து வயதாகியிருந்த அந்த வருஷம், எழுபதுகளின் கடைசியில், ஐப்பசி மழைக்கு ஆறு இரு கரையும் தொட்டு ஓடிப் பிறகு கொஞ்சம் அடங்கியிருந்தது. ஆம்பூரில் பஞ்சர் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, நான்கு லாரி டியூப்களை மூங்கிலில் கட்டித் தெப்பம் செய்திருக்கிறேன், பிள்ளைகளைக் கூட்டி வா என்று அம்மாவுக்குச் சொல்லியனுப்பினார்.

வேலூரில் என் வகுப்பில் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை வெள்ளத்தில் போகப்போகிறேன் என்று. அதனால் மாதனூரில் இறங்கி ஆற்றங்கரையில் மாமா காட்டிய இடத்தைப் பார்த்ததும் எனக்கு முகம் தொங்கிவிட்டது. நடுவில் நாணல் மண்டிய மணல்திட்டு. நிஜமான ஆறு அதற்கு அந்தப் பக்கம், செம்மண் நிறத்தில், இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் இருந்தது ஒரு கிளை. அதில் இரண்டு எருமைகள் சாவகாசமாக நின்றிருந்தன.

"இன்னா மாமா, இதுலயா? முழங்கால்கூட இல்ல."

"மொத தபா இதுல போவோம். பழகட்டும். நான் கூடவே புடிச்சினு வர்றேன்."

"இது பாப்பாங்க போறது. நான் வரல."

ஆறு வயதுத் தம்பி அழ ஆரம்பித்தான். இரண்டு பக்கமும் பாரம் இருந்தால்தான் தெப்பம் சாயாது என்று மாமா சொல்லியிருந்தார். நான் ஏறாவிட்டால் அவனுக்கும் சவாரி இல்லை. மாமா கெஞ்சிப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் போனால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை.

"கடைசியா கேக்கறேன். வர்றியா இல்லியா?" என்றாள் அம்மா.

"வரல."

அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். வீட்டிலும் அவள் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெப்பத்தில் ஏறித் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள். மாமா தண்ணீரில் நடந்தபடியே தள்ளிக்கொண்டு போனார். துணி துவைக்கிற பாறை வரை போய்த் திரும்பினார்கள். தம்பி கத்திக் கும்மாளம் போட்டான். நான் எருமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி இறங்கினான். அம்மா இறங்கவில்லை.

"அந்தப் பக்கம் போலாம்டா" என்றாள் மாமாவிடம்.

"வேணாங்க்கா. இழுப்பு ஜாஸ்தி."

"உனக்கு நீச்சல் தெரியுமில்ல? ஏறு." பிறகு என்னிடம், "தம்பி கையைப் புடிச்சிக்க. இங்கியே நில்லு" என்றாள்.

திட்டின் முனையைத் தாண்டியதும் ஆறு தெப்பத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. ஒரு சுற்று சுற்றியது. நாணலுக்குப் பின்னால் அம்மாவின் நீலப் புடவை மறைந்தது. அம்மா அம்மா என்று நான் கத்தியது அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

"அம்மா எங்க போச்சி?" என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான்.

ரொம்ப நேரம் கழித்து, கீழ்ப்பக்கத்திலிருந்து கரையோரமாக இருவரும் நடந்து வந்தார்கள். மாமா தலையில் தெப்பம், முகத்தில் பேயறைந்த களை. அம்மா கழுத்து வரை நனைந்து, கொண்டை அவிழ்ந்து, சிரித்துக்கொண்டே வந்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் கேட்டதில்லை.

"இப்ப வர்றியாடி? சூப்பரா இருக்குது."

"வேணாம். வீட்டுக்குப் போலாம்" என்று அழுதேன்.

பஸ் வரும்வரை அம்மாவின் ஈர முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா கிண்டல் செய்தும் விடவில்லை. வெள்ளத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். நாணலுக்குப் பின்னால் மறையும்வரை அம்மா ஒரு தடவைகூடக் கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குத்தான் பயந்தேன் என்று தெரிய, நான் அவளுடைய அந்த வயதுக்கு வர வேண்டியிருந்தது.